விண்வெளித் தொடர்களில் ஒருபால் காதல்: திருமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உவர்மலையிலிருந்து நிலாவெளி வரை, அக்கரையில் மூதூர், கிண்ணியாவிலும் அறிவியல் புனைவுத் தொடர்களைப் பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. சில பதில்களில் கதையின் முடிவு தெரிந்துவிடும். அப்படியான பதில்களின் தொடக்கத்தில் எச்சரிக்கை இருக்கிறது.

ஒரே ஒரு இரவுதான் கிடைக்கும். எதைப் பார்ப்பது?

'பிளக் மிரர்' மூன்றாம் பருவத்தின் 'சான் ஜூனிப்பெரோ' (2016). ஒரு மணித்தியாலம்தான். அந்தத் தொடரில் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதை என்பதால் முன்னே எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை. 1987இல் ஒரு கடற்கரை ஊரின் நடன விடுதியில் யோர்க்கி என்ற கூச்சமுள்ள பெண்ணும் கெலி என்ற கலகலப்பான பெண்ணும் சந்திக்கிறார்கள். கூட இருந்து பார்ப்பவர்களுக்கு இதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லிவிடாதீர்கள். "இதில் அறிவியல் எங்கே இருக்கிறது?" என்று முதல் இருபது நிமிடத்துக்குள் யாராவது கேட்பார்கள், பொறுத்திருக்கச் சொல்லுங்கள். எழுதிய சார்லி புரூக்கர் முதலில் ஓர் ஆணையும் பெண்ணையும் வைத்துத்தான் யோசித்தார். இரு பெண்களாக மாற்றியதும் கதைக்கு இன்னொரு கனம் வந்தது: 1987இல் இவர்கள் சட்டப்படி திருமணம் செய்திருக்கவே முடியாது. 2017இல் சிறந்த தொலைக்காட்சிப் படம், சிறந்த எழுத்து என்று இரண்டு எமி விருதுகள் கிடைத்தன.

இரண்டாம் இரவும் கிடைத்தால் 'த லாஸ்ட் ஒஃப் அஸ்' முதற் பருவத்தின் மூன்றாம் அத்தியாயம் (2023), ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலம். 2003இல் ஒரு பூஞ்சைத் தொற்று உலகத்தைக் குலைத்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஊரே வெளியேற்றப்பட்ட பிறகு வேலி அடித்துத் தனியே வாழும் பில், அவர் வெட்டிய பொறிக்குழியில் விழும் ஃபிராங்க், இருவரும் சேர்ந்து வாழும் ஆண்டுகள். சண்டைக் காட்சி குறைவு. சமையல், பியானோ, ஸ்ட்ரோபெரிப் பாத்தி, வயோதிபம், நோய் எல்லாம் உண்டு. வயதானவர்களோடு பார்ப்பதற்கு இதைவிட நல்ல அத்தியாயம் எங்களுக்குத் தெரியாது.

ஒரு தொடர் இந்தக் காதலை உண்மையாக மதிக்கிறதா, பெயருக்கு வைத்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டிப் பாருங்கள். அந்தக் காதல் வரும் காட்சிகளை எல்லாம் மனதுக்குள் வெட்டி எறிந்த பிறகும் கதை அப்படியே ஓடுகிறது என்றால், அது தணிக்கைக்காரர் வெட்டுவதற்கு வசதியாக வைக்கப்பட்ட காட்சி. கதை நொண்டினால் அங்கே காதல் இருக்கிறது.

இது கற்பனைச் சோதனை இல்லை, உண்மையில் நடப்பது. 2019இல் வந்த 'ஸ்டார் வோர்ஸ்' திரைப்படத்தில் இரு பெண்கள் முத்தமிடும் துளிக் காட்சி சிங்கப்பூரில் வெட்டப்பட்டது. கதையில் ஒரு நூல்கூட அசையவில்லை. 2014இல் பிரித்தானியத் தொடரான 'டொக்டர் ஹூ'வின் 'டீப் ப்ரெத்' அத்தியாயத்திலும் சிங்கப்பூர் ஒளிபரப்பு விதிகளுக்காக, ஆசியாவுக்கான ஒளிபரப்பில் ஒரு முத்தம் வெட்டப்பட்டது. ஆனால் அது வேறு மாதிரி. மூச்சு விடுபவரைக் கண்டுபிடித்துத் தாக்கும் இயந்திர மனிதர்கள் சூழ்ந்திருக்க, மூச்சை அடக்க முடியாமல் தவிக்கும் ஜெனிக்கு அவரது மனைவி வாஸ்ட்ரா வாயோடு வாய் வைத்துக் காற்றுக் கொடுக்கிறார். அதை எடுத்துவிட்டால் ஜெனி எப்படித் தாக்குப்பிடித்தார் என்பது பார்ப்பவருக்கு விளங்காது. அந்த முத்தத்தைப் பற்றி பிரித்தானியாவில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்புக்கு ஆறு முறைப்பாடுகள் போயின. விசாரிக்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவதாக, சாதாரண நேரத்தைக் கவனியுங்கள். 'ஸ்டார் ட்ரெக்: டிஸ்கவரி' முதற் பருவத்தில் (2017) விஞ்ஞானி ஸ்டாமெட்ஸும் வைத்தியர் கல்பரும் தங்கள் அறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டே அன்றைய நாளைப் பற்றிப் பேசுவார்கள். முத்தத்தைவிட அந்தப் பல் துலக்கல்தான் இவர்கள் ஒரு வீடு என்று சொல்கிறது.

பழைய தொடர்களில் ஏன் நேரடியாகக் காட்டாமல் வேற்றுக்கிரகவாசிகளை வைத்துச் சுற்றிவளைத்தார்கள்?

நேரடியாக எழுதியவை படமாகவில்லை என்பதால். 1987இல் 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கும்போது டேவிட் ஜெரோல்ட் 'பிளட் அன்ட் ஃபயர்' என்று ஒரு கதை எழுதிக் கொடுத்தார். எயிட்ஸ் அச்சத்தை வைத்து எழுதப்பட்ட அந்தக் கதையில் விண்கப்பல் ஊழியர்களான இரு ஆண்கள் இணையாக வருவார்கள். அது கிடப்பில் போடப்பட்டது, ஜெரோல்டும் விலகினார். இருபது ஆண்டுகள் கழித்து ரசிகர்கள் தங்கள் சொந்த முயற்சித் தொடர் ஒன்றுக்காக அதைப் படமாக்கினார்கள்.

அதன்பின் வந்தவை முகமூடி போட்டுத்தான் வந்தன. அவற்றில் மூன்றை வரிசையாகப் பார்த்தால் முகமூடி எப்படி மெலிந்துகொண்டே போகிறது என்பது தெரியும். ஒவ்வொன்றும் முக்கால் மணித்தியாலம். முடிவுகள் இங்கே வெளிப்படும்.

'த ஹோஸ்ட்' (1991): இதுவும் அடுத்ததும் 'த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' அத்தியாயங்கள். ஒடான் என்ற தூதுவரை வைத்தியர் கிரஷர் காதலிக்கிறார். ஒடான் உண்மையில் இன்னோர் உடலுக்குள் வாழும் ஓர் உயிர் என்பது பிறகு தெரிகிறது. கடைசியில் அந்த உயிர் ஒரு பெண்ணின் உடலுக்கு மாறியதும் கிரஷர் பின்வாங்கிவிடுகிறார். கதவு வரை வந்து நின்ற கதை.

'தி அவுட்காஸ்ட்' (1992): ஆண், பெண் என்ற பிரிவே இல்லாத ஓர் இனம். அதில் சோரென் தன்னைப் பெண்ணாக உணர்ந்து கப்பல் அதிகாரி ரைக்கரைக் காதலிக்கிறார். அவரைப் பிடித்து 'சிகிச்சை' செய்து மாற்றிவிடுகிறார்கள். விசாரணையில் சோரென் தன் தரப்பைச் சொல்லும் பேச்சு இன்றைக்கும் உலுக்கும். ஆனால் அந்த இனத்தவர் எல்லோருக்கும் நடிகைகளையே போட்டார்கள். சோரென் பாத்திரத்துக்கு ஓர் ஆண் நடிகரைப் போட்டிருக்க வேண்டும் என்று ரைக்கராக நடித்த ஜொனதன் ஃப்ரேக்ஸே சொன்னார். அவர் சொன்னது சரி. திரையில் தெரிவது கடைசியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான். எதைப் பற்றிப் பேச வந்தார்களோ அதைக் காட்டத் துணியவில்லை.

'ரீஜொயின்ட்' (1995): 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் வந்தது, ஏவரி புரூக்ஸ் இயக்கியது. ஜட்ஸியா டக்ஸுக்கும் லெனாரா கானுக்கும் உள்ளே வாழும் உயிர்கள் முற்பிறவி போன்ற ஒரு முந்திய வாழ்வில் கணவன் மனைவி. பழைய உறவைப் புது உடலில் தொடர்வது அவர்களுடைய இனத்தில் பெருங்குற்றம், தண்டனை நாடுகடத்தல். இருவரும் பெண்கள் என்பதைப் பற்றி அத்தியாயம் முழுவதும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. எதிர்ப்பெல்லாம் அந்த இன்னொரு விதிக்குத்தான். முகமூடியை வைத்துக்கொண்டே முத்தத்தையும் காட்டிவிட்டார்கள். வெட்டிப் பார்க்கும் சோதனையில் இது முழுதாகத் தேறும்: காதலை எடுத்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

அதே காலத்தில் 'பபிலோன் 5' என்ற விண்வெளித் தொடர் ஓசையில்லாமல் ஒன்று செய்தது. ஐவனோவா, டாலியா என்ற இரு பெண்களுக்கும் இடையில் இருந்ததை 1995இல் குறிப்பாகவே காட்டியது. 1997இல் இரண்டு ஆண் பாத்திரங்கள் புதுமணத் தம்பதி என்ற போலி அடையாளத்தில் செவ்வாய்க்குப் போவார்கள். அங்கே யாரும் புருவம் உயர்த்துவதில்லை. எதிர்காலத்தில் இது ஒரு செய்தியே இல்லை என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள்.

'ஸ்டார் ட்ரெக்' நடிகர் ஜோர்ஜ் டகேய் தான் தன்பாலீர்ப்பாளர் என்று ஏன் இவ்வளவு காலம் கழித்துச் சொன்னார்?

வேலை போய்விடும் என்பதால். 1937இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்த முகாம்களில் சிறுவயதைக் கழித்தவர். 1966இல் முதல் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் சூலுவாக வந்தபோது ஆசிய முகத்துக்குக் கௌரவமான பாத்திரம் கிடைப்பதே அரிது. அதற்குமேல் இன்னொன்றையும் தெரியப்படுத்தியிருந்தால் அந்தக் கதவும் மூடியிருக்கும்.

2005இல் கலிபோர்னியாவின் சட்டசபை ஒருபால் திருமணத்துக்கான சட்டமூலத்தை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்னோல்ட் சுவாஸ்நேகர் அதை நிராகரித்தார். டகேய் பகிரங்கமாகப் பேசத் தொடங்கியது அதன் பிறகு, 68 வயதில். 2008 செப்டெம்பரில் பிராட் ஆல்ட்மனைத் திருமணம் செய்தார். கூட நின்றவர்கள் பழைய கப்பல் தோழர்களான வோல்டர் கோனிக்கும் நிஷெல் நிக்கல்ஸும்.

2016இன் 'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்தில் சூலுவுக்கு ஒரு கணவரையும் மகளையும் காட்டியபோது டகேய் அதை ஏற்கவில்லை. படைத்தவர் மனதில் சூலு அப்படி இல்லை, வேண்டுமென்றால் புதிதாக ஒரு பாத்திரத்தை உருவாக்கியிருக்கலாம் என்பது அவரது வாதம். அந்தக் காட்சியும் சில விநாடிகள்தான், வெட்டினால் யாருக்கும் தெரியாது. அதனால் நாங்கள் டகேய் பக்கம்.

நடிகரும் பாத்திரமும் ஒரே மாதிரி இருக்க வேண்டுமா? யார் யார் வெளிப்படையானவர்கள்?

இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் இருக்கும்போது ஏதோ ஒன்று கூடுகிறது. 'டிஸ்கவரி'யின் அந்தனி ரப், வில்சன் குரூஸ் இருவரும் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர்கள். குரூஸ் 1994இலேயே ஓர் அமெரிக்கத் தொடரில் தன்பாலீர்ப்புள்ள பள்ளி மாணவனாக நடித்தார், அப்போதே தன்னைப் பற்றியும் மறைக்கவில்லை. இருபத்துமூன்று ஆண்டு கழித்து அதே மனிதர் விண்கப்பலில் வைத்தியராக நிற்கிறார்.

'டொக்டர் ஹூ'விலிருந்து கிளைத்த 'டோர்ச்வுட்' தொடரில் கப்டன் ஜக்காக வரும் ஜோன் பரோமன் வெளிப்படையானவர். அவரது காதலர் இயான்டோவாக வரும் கரெத் டேவிட்-லொயிட் அப்படியல்ல. 'த லாஸ்ட் ஒஃப் அஸ்'ஸில் ஃபிராங்காக வரும் மரி பார்ட்லெட் வெளிப்படையானவர், பில்லாக வரும் நிக் ஒஃபர்மன் அப்படியல்ல. ஒஃபர்மனுக்குத்தான் அந்த அத்தியாயத்துக்காக எமி கிடைத்தது, தகுதியோடுதான் கிடைத்தது. 'லெஜெண்ட்ஸ் ஒஃப் டுமாரோ'வில் பேராசிரியராக வரும் விக்டர் கார்பர் வெளிப்படையானவர், அவரது பாத்திரத்துக்கு மனைவி இருக்கிறார். இதுவும் வேண்டும். தன்பாலீர்ப்பாளர் என்றால் அந்த வேடம் மட்டும்தான் என்று ஆகிவிடக் கூடாது.

'ஸ்டார் ட்ரெக்' திரைப்படத்தின் புதிய ஸ்பொக்காக 2009இல் வந்த சக்கரி குவின்டோ தான் தன்பாலீர்ப்பாளர் என்று 2011இல் அறிவித்தார். துன்புறுத்தலால் ஒரு பதின்மவயது மாணவர் உயிரை மாய்த்த செய்திதான் தன்னைப் பேச வைத்தது என்றார்.

ஒரு நடிகரைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அவரே சொன்ன நேர்காணல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். ஊகத்தை வைத்துப் பட்டியல் போடுவது கெடுதி, அது திரை நட்சத்திரமாக இருந்தாலும் சரி, அடுத்த தெருப் பெடியனாக இருந்தாலும் சரி.

'டொக்டர் ஹூ' 1963இலிருந்து இருக்கிறது. எங்கே தொடங்குவது?

2005இல். 'டொக்டர்' என்ற வேற்றுக்கிரகவாசி தோழர்களோடு காலத்திலும் விண்வெளியிலும் பயணிக்கும் இந்தத் தொடரை அந்த ஆண்டு மீட்டு எழுதியவர் ரசல் ரி டேவிஸ். அவர் தன்பாலீர்ப்பாளர், அதற்கு முன்பே மான்செஸ்டரின் தன்பாலீர்ப்பு இளைஞர்கள் பற்றிய தொடரால் பெயர் பெற்றவர். 'தி எம்டி சைல்ட்', 'த டொக்டர் டான்ஸஸ்' என்ற இரண்டு அத்தியாயங்களில் கப்டன் ஜக் அறிமுகமாகிறார். ஆண், பெண், வேற்றுக்கிரகவாசி என்று பார்க்காமல் காதலிக்கும் மனிதர், அதுவும் சிறுவர்களோடு சேர்ந்து குடும்பம் பார்க்கும் சனிக்கிழமை மாலைத் தொடரில். பருவத்தின் கடைசி அத்தியாயத்தில் சாவுக்குப் போகுமுன் டொக்டரின் தோழி ரோஸையும் டொக்டரையும் ஒரே மாதிரி முத்தமிட்டு விடைபெறுவார்.

அடுத்து 2011இல் வாஸ்ட்ராவும் ஜெனியும் வருகிறார்கள். விக்டோரியா காலத்து லண்டனில் துப்பறியும் பல்லி இனப் பெண்ணும் அவரது மனைவியும். பிறகு 2017இன் பருவம் முழுவதும்: பேர்ள் மக்கி நடித்த பில் பொட்ஸ். பெண்களை விரும்பும் பெண் என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்ட முதல் முழுநேரத் தோழி இவர்தான். மக்கியும் தன் இருபாலீர்ப்பை 2020இல் அறிவித்தார். கடைசியாக 'ரோக்' (2024). 1813இன் நடன மாளிகையில் டொக்டராக வரும் ஷூட்டி கட்வாவும் ஜொனதன் குரொஃப்பும். தொடரின் நாயகனே இன்னோர் ஆணைக் காதலித்து முத்தமிடுவதை அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்து பார்த்தோம்.

ஏன் எப்போதும் ஒருபால் காதலர்களையே சாகடிக்கிறார்கள்? (முடிவுகள் வெளிப்படும்)

எப்போதும் இல்லை, ஆனால் அளவுக்கு மிஞ்சித்தான். காரணங்கள் பல கலந்தவை. துணைப் பாத்திரங்களாகவே இவர்களை எழுதுகிறார்கள். அதிர்ச்சி தேவைப்படும்போது சாவது துணைப் பாத்திரம். ஒரு தொடரில் ஒரே ஒரு இணைதான் இருக்கும் என்றால், அதில் ஒருவர் செத்தாலே காதல் முழுவதும் செத்துவிடுகிறது.

பெரிய கொந்தளிப்பு 2016 மார்ச் 3இல் வந்தது. 'த ஹண்ட்ரட்' தொடரில் கிளார்க்கும் தளபதி லெக்ஸாவும் கடைசியில் ஒன்றுசேர்ந்த சில நிமிடங்களில், வேறொருவர் கிளார்க்கைக் குறிவைத்துச் சுட்ட குண்டு தவறி லெக்ஸாவைக் கொன்றது. நடிகை அலிசியா டெப்னம்-கேரி வேறொரு தொடருக்குப் போக வேண்டியிருந்தது உண்மை. அதற்குப் போரில் வீழ்ந்திருக்கலாம், தூரதேசம் போயிருக்கலாம். இன்பம் கிடைத்த மறுநிமிடம் தவறிய குண்டு என்பதுதான் பழைய வாய்ப்பாடு. இந்தக் காதலைக் காட்டியே இளம் பெண்களைத் தொடருக்கு அழைத்திருந்தார்கள் என்பதால் காயம் ஆழமானது. தொடரை நடத்தியவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ரசிகர்கள் இளைஞர்களுக்கான தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு ஒரு இலட்சம் டொலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள்.

'டோர்ச்வுட்: சில்ட்ரன் ஒஃப் ஏர்த்' (2009) ஐந்து இரவு ஓடியது. நான்காம் இரவில் இயான்டோ ஜக்கின் கைகளில் இறந்தார். கார்டிஃப் விரிகுடா மரப்பலகைச் சுவரில் ரசிகர்கள் அவருக்கு அட்டைகளும் பூக்களும் வைத்து ஒரு நினைவிடமே உண்டாக்கினார்கள். 'அண்டோர்' தொடரில் வெல், சின்டா என்ற போராளி இணையில் சின்டா 2025இல் சொந்தப் பக்கத்தவரின் தவறிய சூட்டில் இறக்கிறார். சின்டாவாக நடித்த வரதா சேது கேரளத்தில் பிறந்தவர், எங்களைப் போன்ற ஒரு முகம். அதனால் இங்கே பலருக்கு அது கூடுதலாக வலித்தது.

பில், ஃபிராங்க் முடிவைச் சிலர் இதே பட்டியலில் சேர்ப்பார்கள். நாங்கள் சேர்ப்பதில்லை. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்து, தாங்களே தீர்மானித்து, ஒன்றாகப் போகிறார்கள்.

'டிஸ்கவரி' கல்பரையும் கொன்றது, 2018 ஜனவரியில். ஆனால் அவர் திரும்ப வருவார் என்று உடனேயே அறிவித்து, 2019இல் கொண்டும் வந்தார்கள். 2024இல் தொடர் முடியும்வரை இருவரும் உயிரோடு இருந்தார்கள். சாவில் முடியாத ஒன்றுதான் வேண்டுமென்றால் அதையும், கப்டன் சாரா லான்ஸ் 2021இல் ஏவாவை மணக்கும் 'லெஜெண்ட்ஸ் ஒஃப் டுமாரோ'வையும் பாருங்கள்.

திருநர் நடிகர்கள்?

'சென்ஸ் எயிட்' (2015–2018) தொடரின் ஜேமி கிளேட்டன், 'சூப்பர் கேர்ள்' தொடரின் நிக்கோல் மெயின்ஸ், 'டிஸ்கவரி'யின் இயன் அலெக்சாண்டர், 'டொக்டர் ஹூ'வின் யஸ்மின் ஃபினி. ஆண், பெண் இரண்டிலும் அடங்காதவர் என்று தன்னைச் சொல்லும் புளூ டெல் பாரியோவும் 'டிஸ்கவரி'யில் இருக்கிறார். 'சென்ஸ் எயிட்'டைப் படைத்த வச்சோவ்ஸ்கி சகோதரிகளும் திருநங்கைகள். 2017இல் அந்தத் தொடரை நிறுத்தியபோது ரசிகர்கள் விடாமல் கேட்டு, 2018இல் இரண்டரை மணித்தியால நிறைவு அத்தியாயத்தைப் பெற்றுக்கொண்டார்கள்.

வீட்டில் ஒரே ரிவி, அதுவும் ஹோலில். அம்மா, அப்பா, தங்கச்சி எல்லோரும் இருப்பார்கள். எப்படிச் சமாளிப்பது?

முதலில் நீங்கள் தனியாக முழுவதும் பார்த்துவிடுங்கள். தொடரின் பெயரை வைத்து முடிவு செய்யாமல் அத்தியாயத்தை வைத்து முடிவு செய்யுங்கள். 'சென்ஸ் எயிட்' நல்ல தொடர், ஆனால் நிர்வாணக் காட்சிகள் நிறைய, ஹோலுக்கு ஆகாது. 'டோர்ச்வுட்'டும் பெரியவர்களுக்கானது. 'ரீஜொயின்ட்', 'ரோக்', 'டீப் ப்ரெத்' மூன்றும் எந்த வீட்டிலும் போடக்கூடியவை. பிள்ளைகளுக்கு 'ஸ்டீவன் யூனிவேர்ஸ்' என்ற கார்ட்டூன். அதில் ரூபி, சஃபயர் என்ற விண்வெளி இரத்தினங்கள் 2018இல் கல்யாணம் செய்துகொள்ளும்.

அப்பாவின் கணக்கில் நெட்பிளிக்ஸ் பார்ப்பவர்கள் இரண்டு வேலை செய்யலாம். இணையத் தளத்தில் கணக்குப் பக்கத்துக்குப் போய் உங்கள் சுயவிவரத்துக்கு நான்கு இலக்கப் பூட்டுப் போடுங்கள். அதே இடத்தில் பார்த்தவற்றின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மறைக்கும் குறி இருக்கும், அதை அழுத்துங்கள். எல்லாச் சாதனங்களிலும் மறைய 24 மணித்தியாலம் வரை எடுக்கும். அவசரத்தில் செய்து பலன் இல்லை, முதல்நாளே செய்யுங்கள். தொடர் முழுவதையும் ஒரே தடவையில் மறைக்கலாமா என்று அது கேட்டால் ஆம் என்று கொடுங்கள், இல்லாவிட்டால் மற்ற அத்தியாயங்கள் பட்டியலில் நிற்கும்.

டேட்டா எவ்வளவு போகும்?

நெட்பிளிக்ஸில் சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி வரை, எச்.டி என்றால் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை. 'சான் ஜூனிப்பெரோ'வை எச்.டியில் பார்த்தால் 3 ஜிபி போய்விடலாம். சுயவிவர அமைப்பில் தரத்தைத் தாழ்வாக வைத்தால் மணிக்கு 0.3 ஜிபி, நடுத்தரம் என்றால் 0.7. ஃபோன் திரைக்கு நடுத்தரம் தாராளம். இரவு நேரப் பக்கேஜ் இருந்தால் அந்த நேரத்தில் செயலியில் இறக்கி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள். எல்லோரும் இணையத்தில் இருக்கும் முன்னிரவில் படம் அடிக்கடி நிற்கும், கரண்ட் போனாலும் இறக்கியது கையில் இருக்கும்.

லண்டனிலிருந்து மாமா அனுப்பிய டிஸ்க் இங்கே ஓடவில்லை. ஏன்?

வலயக் குறி பொருந்தவில்லை. டி.வி.டியில் பிரித்தானியா வலயம் 2, அமெரிக்காவும் கனடாவும் 1, இலங்கை 5. புளூ-ரேயில் பிரித்தானியா பி, அமெரிக்காவும் கனடாவும் ஏ, இலங்கை சி. டிஸ்க் உறையின் பின்பக்கத்தில் சிறிய குறி ஒன்றுக்குள் அந்த எண்ணோ எழுத்தோ இருக்கும். எல்லா வலயத்தையும் வாசிக்கும் பிளேயர் ஒன்று தேவை. லப்டொப்பில் உள்ள டி.வி.டி டிரைவில் வலயத்தை மாற்றலாம், ஆனால் ஐந்தே தடவை. ஐந்தாவதோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும். டொரொன்டோ டிஸ்க் ஒன்று, லண்டன் டிஸ்க் ஒன்று என்று மாறி மாறிப் போட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். 4கே டிஸ்க்குகளில் வலயக் குறியே இல்லை. அனுப்புபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அம்மம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. திரையின் அடியில் ஓடும் தமிழ் வசன வரிகளை நாங்களே செய்யலாமா?

வீட்டுப் பாவனைக்குச் செய்யலாம். நெட்பிளிக்ஸில் தமிழ் இல்லாவிட்டால் அதற்குள் உங்கள் வரிகளைச் சேர்க்க முடியாது. கணினியில் ஓடும் கோப்புக்குத்தான் சேர்க்கலாம்.

சாதாரண நோட்பாடில் எழுதலாம். ஒவ்வொரு வரிக்கும் முதலில் தொடர் எண், அடுத்த வரியில் நேரம் 00:01:15,200 --> 00:01:18,000 என்ற வடிவில், அதன்கீழ் வசனம், பிறகு ஒரு வெற்று வரி. வெற்று வரி விடுபட்டால் இரண்டு வசனம் ஒட்டிக்கொள்ளும். நேரத்தில் காற்புள்ளிக்குப் பதிலாகப் புள்ளி வைத்தால் சில பிளேயர்கள் வாசிக்காது. சேமிக்கும்போது யூ.ரி.எஃப்-8 என்று தெரிவுசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் திரையில் கேள்விக்குறிகளும் பெட்டிகளுமாக வரும். கோப்பின் பெயர் படத்தின் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும், கடைசிப் பகுதி மட்டும் எஸ்.ஆர்.டி (.srt).

ஒரு தடவைக்கு இரண்டு வரி, வரிக்கு 35 எழுத்துக்குள் வைத்தால் வயதானவர்கள் வாசித்து முடிப்பார்கள். ஒரு விநாடிக்குக் குறைவாகவும் ஏழு விநாடிக்கு மேலாகவும் நிறுத்தாதீர்கள். வி.எல்.சி என்ற கணினிப் பிளேயரில் வரிகள் முந்தினால் அல்லது பிந்தினால் ஜி, எச் விசைகளால் சிறிது சிறிதாக நகர்த்தலாம். பென் ட்ரைவை நேரே ரிவியில் செருகினால் பல பழைய ரிவிகளில் கொம்புகள் இடம் மாறி 'கெ' சிதைந்து தெரியும். அது கோப்பின் பிழை இல்லை, ரிவியால் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்ட முடியாததுதான். லப்டொப்பை எச்.டி.எம்.ஐ கேபிளால் இணைத்துப் போடுங்கள்.

மொழிபெயர்க்கும்போது ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது: கணவரை 'நண்பர்' என்றும் மனைவியை 'தோழி' என்றும் மெழுகுவது. ஸ்டாமெட்ஸுக்குக் கல்பர் துணைவர். அங்கே நண்பர் என்று எழுதினால், வெட்டுகிறவர்கள் கத்தரிக்கோலால் செய்வதை நீங்கள் பேனாவால் செய்கிறீர்கள்.

இவற்றைப் பார்ப்பது சட்டவிரோதமா? ஒரு மண்டபத்தில் போடலாமா?

வீட்டில் பார்ப்பதை இலங்கையில் ஒருபால் உறவுக்கு எதிரான சட்டங்கள் தொடவில்லை. 1883இன் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம், 365ஏ பிரிவுகள் உடற்செயல்களைப் பற்றியவை. முதலாவதற்குப் பத்து ஆண்டு வரையும் இரண்டாவதற்கு இரண்டு ஆண்டு வரையும் சிறை. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தது. இவற்றை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. ஆனால் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும்வரை அது நிறைவேறவில்லை.

பொதுமண்டபம் வேறு விடயம். பகிரங்கமாகத் திரையிடுவதற்குப் பொது ஆற்றுகைச் சபையின் அனுமதியும், படத்தின் உரிமையாளரிடம் திரையிடல் உரிமமும் தேவை. நெட்பிளிக்ஸ் கணக்கு வைத்திருப்பது அந்த உரிமம் ஆகாது. உப்புவெளியில் ஒரு விடுதி மண்டபத்தை எடுத்து அறிவித்தல் ஒட்டுவதைவிட, ஒரு வீட்டில் ஆறு ஏழு பேர் கூடுவது எல்லா வகையிலும் பாதுகாப்பு. வருபவர்களைப் படம் எடுக்க வேண்டாம். சின்ன ஊர், ஒரு படம் ஃபெரி ஏறுமுன் மூதூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆர்தர் சி. கிளார்க்குக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் எழுத்தில். 1956இல் அறிவியல் புனைவு எழுத்தாளரான அவரும் மைக் வில்சனும் சுவாமி மலை அடியில் சுழியோடிக் கோணேசர் கோயிலின் பழைய சிதைவுகளைக் கண்டதை இங்கே எல்லோரும் அறிவார்கள். 1975இல் அவர் எழுதிய 'இம்பீரியல் ஏர்த்' நாவலின் நாயகனுக்கு ஓர் ஆணோடும் ஒரு பெண்ணோடும் காதல் இருந்திருக்கிறது, அந்த உலகத்தில் அதை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. 'ஸ்டார் ட்ரெக்' அதே இடத்துக்கு வந்து சேர நாற்பது ஆண்டுக்கு மேல் எடுத்தது. அந்த நாவலை யாராவது தொடராக எடுத்தால் மிக நல்லது.

படம் முடிந்ததும் தம்பி "நானும் அப்படித்தான்" என்று சொன்னால்?

ரிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். "நிச்சயமாகவா?" என்று கேட்க வேண்டாம். வேறு யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள், தெரியாதவர்களிடம் நீங்கள் சொல்லாதீர்கள், அம்மாவிடம்கூட. எப்போது சொல்வது என்பது அவருடைய தீர்மானம். மாற்றிவிடுகிறோம் என்று சொல்லும் வைத்தியரிடமோ பூசாரியிடமோ கூட்டிப்போகாதீர்கள், சோரெனுக்குச் செய்தது அதுதான். மிகவும் மனம் உடைந்து இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி எண் 1926ஐ அழைக்கலாம். கொழும்பில் 2004இலிருந்து இயங்கும் 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பும் இருக்கிறது. அழைப்புப் பட்டியலை வீட்டில் வேறு யாராவது பார்ப்பார்கள் என்றால் உங்கள் ஃபோனைக் கொடுங்கள்.